கீறல் விழாமல் காரைக் கழுவுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

காரைக் கழுவுவது, பேணுவது குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘எந்தப் பொருளை வாங்கலாம்?’ என்றே கேட்கின்றன. கடை அலமாரியில் ஒரே வேலைக்குப் பத்துப் புட்டிகள் நிற்கும்போது யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். ஆனால், கார்களின் மேற்பூச்சைச் சீர்செய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கும் எனக்கு, தவறான புட்டியால் கெட்ட கார்களைவிடத் தவறான துணியாலும் அவசரமான கையாலும் கெட்ட கார்களே அதிகம் வந்து சேர்ந்திருக்கின்றன. எனவே முதலில் கழுவும் முறை பற்றிய கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். பொருள்கள் அதன் பின்னால் வரட்டும்.

கேள்வி: வாரம் தவறாமல் என் கறுப்பு நிறக் காரை நானே கழுவுகிறேன். நல்ல ஷாம்புவும் வாங்கி வைத்திருக்கிறேன். இருந்தும், வெயில் படும்போது போனட் முழுவதும் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரிகின்றன. குறை பெயின்ட்டிலா, ஷாம்புவிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. அந்தக் கீறல்களில் பெரும்பகுதி கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. அவை உண்மையில் வட்டமானவையும் அல்ல. எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நுண்கீறல்களில், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி அமைந்த திசையில் உள்ளவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் வட்டம் போலத் தோன்றுகின்றன. நீங்கள் தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்வதைக் காணலாம். வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கக்கூடும். கறுப்பு நிறம் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்றால், மேற்பூச்சின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். தகட்டின் மேல் முதலில் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று பெரும்பாலான கார்களில் நான்கு அடுக்குகள் உள்ளன. நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரும். கிளியர் கோட் மட்டும் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது, பளபளப்பு முழுவதையும் தாங்கிக்கொண்டு, வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தையும் காக்கும் அந்த அடுக்குக்கு ஒரு முடியின் கனம்கூடக் கிடையாது. கீறலைப் போக்குவதற்காக பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் இந்த அடுக்கிலிருந்துதான் சிறிது தேய்த்து எடுக்கிறோம். எடுத்தது திரும்பி வராது. அதனால்தான் கீறல் விழுந்தபின் போக்குவதைவிட, விழவிடாமல் கழுவுவதைப் பற்றியே நான் விடாமல் பேசுகிறேன்.

கீறலை உண்டாக்குவது சோப்பு அல்ல. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே சிக்கிய மணல். ஆகவே, கை படுவதற்கு முன்பே எவ்வளவு மணலை நீர் கொண்டுபோக முடியுமோ அவ்வளவையும் போகவிட வேண்டும். காரை நிழலில் நிறுத்தி, போனட்டைத் தொட்டால் சூடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கரங்களை முதலில், அவற்றுக்கென்று தனியாக வைத்த வாளியும் தூரிகையும் கொண்டு கழுவிவிடுங்கள். பிரேக் பட்டையும் டிஸ்கும் தேய்ந்து உதிரும் இரும்புத் தூள் அங்கேதான் படிந்திருக்கும், அந்தத் தூரிகை ஒருநாளும் கதவைத் தொடக் கூடாது. பிறகு கார் முழுவதையும் மேலிருந்து கீழாக நீர் விட்டு அலசுங்கள். நுரை தெளிக்கும் கருவி இருந்தால் நுரையைப் போர்த்தி, மூன்று அல்லது நான்கு நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் அலசிவிடுங்கள். இந்த ஒரு கட்டத்திலேயே புழுதியில் பெரும்பகுதி போய்விடும்.

இதன் பின்னர்தான் கை வைக்க வேண்டும். இரண்டு வாளிகள் வேண்டும்: ஒன்றில் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். அடியில் ஒரு வலைத்தட்டுப் போட்டுவைத்தால் உதிரும் மணல் அதன் கீழே தங்கிவிடும். தட்டையான ஸ்பாஞ்சை விட்டுவிட்டு, நீளமான இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறையைப் பயன்படுத்துங்கள். ஸ்பாஞ்ச் மணலைத் தன் முகத்திலேயே பிடித்துக்கொண்டு பெயின்ட்டின் மேல் இழுக்கும், கையுறையோ அதை இழைகளுக்குள் வாங்கிக்கொள்ளும். கூரையில் தொடங்கிக் கண்ணாடி, போனட், கதவின் மேற்பாதி என்று இறங்கி, சேறு அதிகமுள்ள கதவின் கீழ்ப்பகுதியையும் பின் பம்பரையும் கடைசியில் தொடுங்கள். ஒரு பகுதியைத் துடைத்ததும் கையுறையை வெறும் நீர் வாளியில் நன்றாக அலசிய பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். அழுத்த வேண்டாம், கையுறையின் எடையே போதும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். முதல் நாள் இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். நான்காம் முறை பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

காய வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடைசியாக அலசும்போது குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, நீரைக் கூரையிலிருந்து மெதுவாக வழியவிட்டால், அது ஒரே திரையாக இறங்கித் துளிகளையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். மிச்சமிருப்பதைப் பெரிய, தடித்த துவாலையை மேலே விரித்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டியதே இல்லை.

கேள்வி: பாத்திரம் கழுவும் திரவத்தால் காரைக் கழுவினால் பெயின்ட் பாழாகிவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அவ்வாறு ஆகவே ஆகாது என்று இன்னொருவர் சொல்கிறார். சோப்புத் தூள், தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு ஆகியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: உங்கள் நண்பர்கள் இருவருமே பாதி சரி. ஒரே ஒரு முறை பாத்திரத் திரவத்தால் கழுவியதால் கிளியர் கோட் கரைந்துவிடாது. ஆனால் அந்தத் திரவம் கொழுப்பை அகற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. காரின் மேல் நீங்கள் பூசிவைத்த மெழுகும் அதற்குக் கொழுப்புப் போலத்தான். தொடர்ந்து பயன்படுத்தினால் மெழுகு போய்ப் பெயின்ட் காப்பில்லாமல் நிற்கும். இன்னொரு குறையும் உண்டு. கார் ஷாம்புவில் அழுக்கை நீக்குவதற்கு இணையாக வழுக்கும் தன்மைக்கும் இடம் கொடுத்திருப்பார்கள். கையுறைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மணல் உருண்டு நழுவிப் போக அந்த வழுக்கல் தேவை. பாத்திரத் திரவத்தில் அது குறைவு. பழைய மெழுகை நீக்கிவிட்டுப் புதிதாகப் பூச நினைக்கும் நாளில் சிலர் அதை வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சோப்புத் தூளை மட்டும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். அது காரத்தன்மை மிகுந்தது. அலுமினியப் பட்டைகளை மங்கச் செய்யும், கரையாத துகள் கீறவும் செய்யும். தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவில் கூந்தலை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்கள் கண்ணாடியில் படலமாகத் தங்கும்.

கார் ஷாம்பு வாங்கும்போது புட்டியில் மூன்றைப் பாருங்கள். பிஎச் அளவு 7-ஐ ஒட்டி நடுநிலையாக இருக்க வேண்டும். எத்தனை லிட்டர் நீருக்கு எத்தனை மில்லிலிட்டர் என்ற கலவை அளவு தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மெழுகு கலந்ததா இல்லையா என்பது குறிப்பிட்டிருக்க வேண்டும். மெழுகு கலந்த ஷாம்பு மெல்லிய படலத்தை விட்டுச் செல்லும், ஆனால் அது மெழுகு பூசியதற்கு ஈடாகாது. செராமிக் கோட்டிங் என்னும் காப்புப் படலம் போட்ட காருக்கு மெழுகு கலக்காத ஷாம்புவே நல்லது. குறித்த அளவைவிடக் கூடுதலாக ஊற்றினால் சுத்தம் கூடாது. அலசுவதற்கு நீர்தான் கூடுதலாகச் செலவாகும். நுரை பொங்குவதை வைத்துத் தரத்தை அளக்காதீர்கள், கையில் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மைக்ரோஃபைபர் துணிகளில் 300, 400, 800 என்று எண்கள் போட்டிருக்கிறார்கள். எண் பெரியதாக இருந்தால் துணியும் நல்லது என்று கொள்ளலாமா?

பதில்: அந்த எண், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதைக் குறிக்கிறது. அது தடிமனைச் சொல்கிறதே தவிர தரத்தைச் சொல்லவில்லை. மெழுகைத் துடைக்கவும் உட்புறத்துக்கும் 300 முதல் 400 வரை உள்ள துணி போதும். நீரை ஒற்றி எடுக்க 500-க்கு மேற்பட்டது வேண்டும். கண்ணாடிக்குப் பஞ்சுபோல இழை நீண்டிருக்காத, தட்டையாக நெய்த துணியே கோடு விழாமல் துடைக்கும். இவை பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த இழைகள். 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்ற விகிதத்தில் இருக்கும். பாலியமைடு கூடினால் நீரை உறிஞ்சுவதும் கூடும்.

வாங்கியதும் ஓரத்தில் தைத்திருக்கும் விவரப் பட்டையை வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஒன்றே கீறப் போதுமானது. துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்காதீர்கள், அவற்றின் நூல்தூசி இழைகளுக்குள் புகுந்துகொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவம் இழைகளைப் பூசி மூடிவிடுவதால் அதைச் சேர்க்கவே கூடாது. அதிகச் சூட்டில் உலர்த்தினால் இழை நுனிகள் உருகிக் கடினமாகும். சக்கரத்துக்கு ஒரு நிறம், பெயின்ட்டுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம் என்று பிரித்துவைத்துக்கொள்வது என் பழக்கம். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டுத் தொடர்வதைப் பலரிடம் பார்க்கிறேன். தயவுசெய்து அதைத் தனியே போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் காய்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ தூசியைத் தட்டிவிடுகிறோம். இது போதாதா?

பதில்: இது போதாது என்பதோடு, கேட்டை வளர்க்கும் பழக்கமும்கூட. உலர்ந்த தூசியை உலர்ந்த துணியால் இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு நெருங்கிய காரியம். தூசியோடு இருக்கும் காருக்கு ஒரு கேடும் இல்லை. பார்க்கத்தான் நன்றாக இருக்காது. தினமும் துடைத்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: கழுவிய பிறகு காரின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தங்கிவிடுகின்றன. எத்தனை முறை கழுவினாலும் அவை போவதில்லை. நிலத்தடி நீரைத்தான் பயன்படுத்துகிறோம்.

பதில்: நீர் ஆவியாகும், அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் ஆவியாகாது. துளி காய்ந்த இடத்தில் அந்த உப்புகள் விளிம்பு கட்டிப் படிவதுதான் நீங்கள் காணும் புள்ளி. ஷாம்பு நடுநிலையானது என்பதால் அது இவற்றைக் கரைக்காது. மெல்லிய அமிலமே கரைக்கும். வெள்ளை வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் உண்டு. அதைச் சம அளவு நீரில் கலந்து, துணியில் நனைத்து, நிழலில் குளிர்ந்திருக்கும் பெயின்ட்டின் மேல் ஓரிரு நிமிடம் ஒற்றி வைத்து, உடனே நன்றாக அலசிவிடுங்கள். படிந்து சில நாள்களே ஆன புள்ளிகள் இதிலேயே போய்விடும். காய்ந்து போகும்வரை விட்டுவிடக் கூடாது. இதன் பிறகு அந்த இடத்தில் மெழுகு மெலிந்திருக்கும் என்பதால் மறுபடி பூச வேண்டியிருக்கும்.

வினிகருக்கும் அசையாத புள்ளி என்றால், உப்பு பெயின்ட்டை அரித்துக் குழி செய்துவிட்டது என்று பொருள். அதற்கு பாலிஷ் மட்டுமே வழி, ஆழமாக இருந்தால் அதுவும் முழுமையாகப் போக்காது. ஆகவே, அதே நீரையே பயன்படுத்த வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இரண்டைக் கைக்கொள்ள வேண்டும்: வெயிலில் கழுவாமல் இருப்பது, பகுதி பகுதியாகக் கழுவி அந்தப் பகுதி காய்வதற்குள் ஒற்றி எடுப்பது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைநீரோ வடிகட்டிய மென்னீரோ கிடைத்தால் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும்.

கேள்வி: பறவை எச்சம், மரப்பிசின், தார் ஆகிய மூன்றும் எங்கள் காரில் ஓயாமல் படிகின்றன. ஒரே பொருளால் மூன்றையும் நீக்க முடியுமா?

பதில்: முடியாது, மூன்றும் வெவ்வேறு இயல்புடையவை. இவற்றில் அவசரமானது எச்சம். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் சூடாகி இளகும்போது எச்சம் அதோடு ஒட்டி இறுகுகிறது, மாலையில் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவமே அதில் பதிந்துவிடுகிறது. வெயில் கடுமையாக இருந்தால் ஒரே நாளில் தடம் விழுந்துவிடும். வாரக் கடைசியில் கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடியது அல்ல இது. காரில் எப்போதும் ஒரு நீர்ப்புட்டியும் ஒரு பழைய மைக்ரோஃபைபர் துணியும் வைத்திருங்கள். துணியை நனைத்து எச்சத்தின் மேல் போட்டுச் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் அப்படியே பொத்தி எடுத்துவிடுங்கள். எச்சத்துக்குள் மணலும் விதைத்துண்டும் இருக்கும் என்பதால் சுரண்டவே கூடாது.

மரப்பிசினுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியை வைத்து இளகவிட வேண்டும். தார், எண்ணெய் வகையைச் சேர்ந்தது என்பதால் அதற்கென்று விற்கும் தார் நீக்கித் திரவம்தான் சரி. இரண்டையும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் பரீட்சித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஷாம்பு நீரால் கழுவி மறுபடி மெழுகு பூசுங்கள்.

கேள்வி: கழுவிக் காய்ந்த பிறகும் காரைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது. பாலிஷ் போட வேண்டுமா?

பதில்: உடனே பாலிஷுக்குப் போக வேண்டாம். கைவிரலை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் கழுவிய பெயின்ட்டின் மேல் மெல்லத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத துகள்களும் உறுத்தும். அவை பெரும்பாலும் காற்றில் வந்து ஒட்டிய இரும்புத் துகள்கள், தார்த் தூவல், தொழிற்சாலைப் புகைப் படிவுகள். இரும்பு நீக்கித் திரவத்தைத் தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். அதைக் காயவிடாமல் அலசிவிட வேண்டும், வாடை கடுமையாக இருக்கும் என்பதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும். அதற்கும் போகாதவற்றை கிளே பார் எனப்படும் களிமண் கட்டி பிடித்து எடுக்கும். வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முதலில் பிசுக்கென்று பிடித்து, துகள்கள் போனதும் கட்டி தானாக வழுக்கத் தொடங்கும். அழுக்கான முகத்தை உள்ளே மடித்துப் பிசைந்துகொண்டே போங்கள். கட்டி தரையில் விழுந்தால், எவ்வளவு புதிதாக இருந்தாலும், தூக்கி எறிந்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை, இதைச் செய்தால் போதும். இதுவும் பெயின்ட்டைச் சிறிது உரசத்தான் செய்கிறது.

பாலிஷ், மெழுகு ஆகிய இரண்டு சொற்களையும் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறார்கள். பாலிஷில் தேய்க்கும் துகள் உண்டு. அது கிளியர் கோட்டை மெலியச் செய்து சமன்படுத்துகிறது. மெழுகு எதையும் எடுப்பதில்லை. மேலே படலமாக இருந்து காக்கிறது. ஒரு கீறலுக்கு பாலிஷ் தேவையா என்பதை அறிய நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அந்தக் கீறல் பாலிஷால் போகும் ஆழத்தைத் தாண்டிவிட்டது. சிக்காவிட்டால், துகள் மிக நுண்ணிய பாலிஷை ஒரு சாண் இடத்தில் மட்டும் போட்டுப் பார்த்து, போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த வகைக்குப் போக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சடங்கு போல முழுக் காருக்கும் பாலிஷ் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கேள்வி: புதிய கார் வாங்கியிருக்கிறேன். மெழுகு, சீலன்ட், செராமிக் கோட்டிங், பிபிஎஃப் படலம் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? கோட்டிங் செய்தால் கீறலே விழாது, கழுவவே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். கோட்டிங் செய்த காரையும் கழுவத்தான் வேண்டும். தவறாகக் கழுவினால் அதிலும் கீறல் விழத்தான் செய்யும். ‘9எச் கடினம்’ என்று விளம்பரத்தில் வருவது பென்சில் சோதனையின் அளவு. 9எச் தரப் பென்சிலால் குறிப்பிட்ட அழுத்தத்தில் கீறினாலும் தடம் விழவில்லை என்பதே அதன் பொருள். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 9 என்பது மாணிக்கக் கல்லின் இடம். அந்த 9-க்கும் இந்த 9-க்கும் தொடர்பில்லை. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அது மோஸ் அளவில் 7. சாலையில் தெறிக்கும் கல்லை எந்த கோட்டிங்கும் தடுக்காது.

அப்படியானால் கோட்டிங் வீணா என்றால், இல்லை. சிலிக்கான் சேர்மங்களால் ஆன அந்தப் படலம் பெயின்ட்டோடு இறுகப் பிணைந்து, நல்ல முறையில் போட்டுப் பேணினால் இரண்டு மூன்று ஆண்டுகளும் அதற்கு மேலும் நிற்கும். நீர் முத்து முத்தாக உருண்டோடுவதால் அழுக்கு எளிதில் ஒட்டாது. கழுவும் நேரமும் தேய்ப்பதும் குறையும், தேய்ப்பது குறைந்தால் கீறலும் குறையும். அதன் உண்மையான பயன் இதுதான். ஆனால் போடுவதற்கு முன் பெயின்ட்டைக் குறையில்லாமல் சீர்செய்திருக்க வேண்டும், ஏனெனில் அடியில் இருக்கும் கீறலையும் அது சேர்த்துப் பூட்டிவிடும். போட்ட பிறகு ஒரு நாளாவது நீர் படாமலும், ஏறத்தாழ ஒரு வாரம் ஷாம்பு படாமலும் வைக்கச் சொல்வார்கள், அதைப் பின்பற்றுங்கள்.

கார்னௌபா மெழுகு, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து கிடைப்பது. 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகும் இது இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. ஆழ்ந்த, இதமான பளபளப்புத் தரும். ஆனால் ஒன்றிரண்டு மாதங்களில் தேய்ந்துவிடும். செயற்கைப் பாலிமர்களால் ஆன சீலன்ட் நான்கு முதல் ஆறு மாதம் வரை தாங்கும். பிபிஎஃப் என்பது பாலியூரிதேன் படலம். பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் கொண்டது. கல்லடியைத் தாங்கக்கூடியது இது ஒன்றுதான். அதற்கேற்ற செலவும் உண்டு.

என் கருத்தைக் கேட்டால்: காரை நீங்களே கழுவி, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஓர் அரைநாள் ஒதுக்க முடியும் என்றால் சீலன்ட் போதும், அதுவே கைக்கும் பழகும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் கார் என்றால் முன் பம்பருக்கும் போனட்டுக்கும் மட்டும் படலம் ஒட்டிக்கொள்வது அறிவான செலவு. கழுவுவதை வேறொருவர் கையில் விடப்போகிறீர்கள் என்றால், கோட்டிங்குக்குச் செலவு செய்வதற்கு முன்பு அவருக்கு இரண்டு வாளிகளும் இரண்டு கையுறைகளும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வாகன நிறுத்தத்தில் குழாய் வசதி இல்லை. ஒரே ஒரு வாளி நீர்தான் கொண்டுபோக முடியும்.

பதில்: அதற்கென்றே அலசத் தேவையில்லாத கழுவு திரவங்கள் உள்ளன. சிலவற்றை 1 பங்குக்கு 256 பங்கு நீர் என்ற அளவில் கலப்பார்கள். 10 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 40 மில்லிலிட்டர் வரும். அதிலுள்ள பாலிமர்கள் தூசியைச் சூழ்ந்து பெயின்ட்டிலிருந்து விலக்கி வைக்கின்றன. முதலில் அதே கலவையைத் தெளிப்பானில் ஊற்றி ஒரு பகுதி முழுவதும் நனைய அடித்து ஊறவிடுங்கள். வாளியில் எட்டுப் பத்துத் துணிகளைப் போட்டுவைத்து, ஒரு துணியை நான்காக மடித்து, ஒரு முகத்தால் ஒரே ஒரு முறை இழுத்து, அடுத்த முகத்துக்குத் திருப்புங்கள். முகங்கள் தீர்ந்த துணியை மறுபடி வாளிக்குள் போடாமல் தனியே வையுங்கள். புழுதி படிந்த காருக்கு இது மிக நல்ல முறை, நானே பயன்படுத்துகிறேன். சேறு அப்பிய காருக்கு மட்டும் இது வேண்டாம். அன்றைக்கு நீர் வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பிரஷர் வாஷர் வாங்கலாமா? எஞ்ஜினையும் அதனாலேயே கழுவலாமா?

பதில்: வாங்கலாம். முனை 25 அல்லது 40 டிகிரி விரிவு கொண்டதாக இருக்கட்டும். ஊசிபோல ஒரே கோட்டில் பாயும் முனையைப் பெயின்ட்டின் பக்கமே கொண்டுவராதீர்கள். குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று அடியுங்கள். கல்லடிபட்டுப் பெயர்ந்த இடம், ஸ்டிக்கர், ரப்பர்ப் பட்டை, டயரின் பக்கவாட்டு ஆகியவற்றில் நேராக அடிக்கக் கூடாது. ஓடி வந்த சூட்டோடு பிரேக் டிஸ்க் மேல் நீர் அடிப்பதும் தவறு. கழுவி முடித்ததும் சிறிது தூரம் ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் மெல்ல நான்கைந்து முறை பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்திவிடுங்கள். எஞ்ஜினுக்கு இது வேண்டாம். மின் இணைப்புகளும் சென்சார்களும் அங்கே நிறைந்திருக்கின்றன. எஞ்ஜின் குளிர்ந்த பிறகு ஈரத்துணியும் சிறு தூரிகையும் போதும்.

கேள்வி: டேஷ்போர்டைப் பளபளக்க வைக்கும் திரவம் நல்லதா? சீட்டுகளை எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: பளபளக்கும் டேஷ்போர்டு முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும், அழகைவிடப் பார்வை முக்கியம். பளபளப்பில்லாத, புற ஊதாக் காப்புள்ள வகையைத் துணியில் தெளித்து மெல்லப் பூசுங்கள். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் எந்தக் காரணத்துக்காகவும் பூசாதீர்கள், வழுக்கும். உட்புறத்தில் எப்போதும் தூசி உறிஞ்சுவது முதலில், ஈரத்துணி பிறகு. துணி சீட்டில் நீரை ஊற்றி ஊறவிடக் கூடாது. உள்ளே பஞ்சு காயாமல் பூஞ்சை வாடை பிடிக்கும். இன்றைய தோல் சீட்டுகளில் பெரும்பாலானவை மேலே பாலியூரிதேன் பூச்சு உடையவை என்பதால் அவற்றுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டியதில்லை. நடுநிலைத் தோல் சுத்திகரிப்பானும் மென்மையான தூரிகையும் போதும். தொடுதிரைக்கும், கறுப்புப் படலம் ஒட்டிய கண்ணாடிக்கும் அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: கதவு ஒன்றைப் புதிதாகப் பெயின்ட் அடித்து வாங்கியிருக்கிறேன். உடனே மெழுகு பூசலாமா?

பதில்: தொழிற்சாலையில் பெயின்ட்டை அதிகச் சூட்டில் சுட்டெடுப்பதால் புதிய காருக்கு உடனே பூசலாம். பணிமனையில் அடித்த பெயின்ட் அப்படியல்ல; அதிலுள்ள கரைப்பான் வெளியேறி இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். 30 முதல் 60 நாள் வரை பொறுத்திருங்கள், அடித்தவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை வெறும் ஷாம்பு நீரால் கழுவலாம்.

கேள்வி: எங்கள் பழைய காரின் கூரையில் மேற்பூச்சு வெள்ளையாகிச் செதில் செதிலாக உரிகிறது. அப்பாவின் கார் என்பதால் விற்க மனமில்லை. நல்ல பாலிஷ் எது என்று சொல்லுங்கள்.

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உரிவது கிளியர் கோட். இல்லாத அடுக்கை எந்த பாலிஷும் மெழுகும் திரும்பக் கொண்டுவர முடியாது. தேய்த்தால் அடியிலுள்ள நிறமும் சேர்ந்து போகும். கூரையை மட்டும் இழைத்து மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் தீர்வு. கூரை தனிப் பகுதி என்பதால் முழுக் காருக்கும் அடிக்க வேண்டியிருக்காது. அந்த நாள் வரும்வரை உரியும் விளிம்புகளில் பிரஷர் வாஷரைக் காட்டாமல், நனைத்த கையுறையால் மென்மையாகக் கழுவி, ஒற்றிக் காயவைத்து, நிழலிலோ மூடாக்கின் கீழோ நிறுத்துங்கள். போனட்டும் கதவுகளும் இன்னும் நன்றாக இருந்தால் அவற்றுக்கு இந்த மாதமே ஒரு சீலன்ட் பூசிவிடுங்கள்.